அலையாத்தி எவ்வளவு ஆற்றும்?

“அலையாத்திக் காடுகள் சுனாமியைத் தடுத்து நிறுத்தும்.” ஆறாம் வகுப்பு விடைத்தாளாக இருந்தாலும் பத்தாம் வகுப்பு விடைத்தாளாக இருந்தாலும், கடற்கரை பற்றி ஒரு வினா வந்துவிட்டால் இந்த வாக்கியமும் வந்துவிடும். பேச்சுப்போட்டியில் வரும், சுற்றுச்சூழல் தினத்தன்று பிள்ளைகள் எழுதிப் பிடிக்கும் அட்டைகளிலும் வரும். நாமும் ‘சரி’ போட்டு மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம்.

நான் பணியாற்றுவது கடலூர் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் பாதிக்குமேல் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களில் ஒருவரும் 2004 டிசம்பர் 26 அன்று பிறந்திருக்கவில்லை. ஆனால் அன்று யாரையாவது இழக்காத வீடு இவர்கள் தெருவில் குறைவு. “சார், தெக்கால காடு இருக்குல்ல, நம்ம ஊருக்கு இனிமே வராதுல்ல?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொன்னால், நாளை எச்சரிக்கை வரும்போது காட்டை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிற ஒரு குடும்பத்தை நாம் உருவாக்குகிறோம். ‘காட்டால் ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால் அதுவும் பொய். காடு எதைச் செய்யும், எவ்வளவு செய்யும், எப்போது செய்யாது என்று அளவோடு சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இதை எப்படிப் பாடமாக நடத்துகிறேன் என்பதை எழுதுகிறேன். அறிவியல், சமூக அறிவியல், கணக்கு ஆகிய மூன்று பாடவேளைகளிலும் பயன்படும்.

கடலிலிருந்து வரும் மூன்று நீர்

பிள்ளைகளுக்கு ‘அலை’ என்பது ஒரே சொல். கரைக்கு வரும் நீரை முதலில் மூன்றாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, காற்று எழுப்பும் அன்றாட அலை. ஏறக்குறைய 5 முதல் 15 விநாடிக்கு ஒருமுறை முகடு வரும். இரண்டாவது, புயலின்போது எழும் நீர். காற்றின் தள்ளுவிசையாலும் காற்றழுத்தக் குறைவாலும் கடல்மட்டமே மேலேறி, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அதன்மேல் அலைகள் வேறு அடிக்கும். மூன்றாவது சுனாமி. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை ஆகலாம். ஆழ்கடலில் அதன் அலைநீளம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் கரைக்கு வரும்போது அலை போல ‘அடித்துவிட்டு’ப் போகாது, ஆறு பெருக்கெடுத்தது போல ஊருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். 2004-ஐப் பார்த்த பெரியவர்கள் “கடல் உள்ளே வந்துச்சு” என்று சொல்வது அறிவியல்படி மிகச் சரியான வருணனை.

இதை வகுப்பில் காட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு போதும். கேன்டீனில் தேநீர் கொண்டுவரும் தட்டைவிடச் சற்று நீளமாக, விளிம்பு உயரமாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஈர மணலைச் சரிவாக அமைத்து, மணலுக்கு முன்னால் பல்குத்தும் குச்சிகளை நெருக்கமாகப் பத்து வரிசை நட வேண்டும். மணல் மேட்டில் நான்கு தீப்பெட்டிகள், அவைதான் வீடுகள். மறுபக்கம் தண்ணீர். இப்போது அளவுகோலை நீரில் வேகமாக அசைத்துச் சிற்றலை எழுப்பச் சொல்லுங்கள். குச்சிகளுக்குள் நுழையும் அலை நான்கைந்து வரிசையிலேயே தளர்ந்துவிடும். மணல் அவ்வளவாகக் கரையாது. அடுத்து, ஒரு குவளைத் தண்ணீரைக் கடல் பக்கம் சீராக ஊற்றுங்கள், அல்லது தட்டின் கடல் பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். நீர் குச்சிகளுக்கு இடையே புகுந்து தீப்பெட்டிகளைத் தொட்டுவிடும். சற்றுத் தாமதமாகும், வேகம் குறையும், ஆனால் வந்துவிடும். குச்சிகளைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் மறுபடி செய்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

இந்தச் சோதனையில் ஒரு குறையும் உண்டு. மண்ணில் வேர் இறுகப் பிடித்த மரத்தைப் போலக் குச்சி நிற்காது. வேகமாக ஊற்றினால் சாய்ந்துவிடும். சாயட்டும். வேரோடு சாய்ந்த மரம் நீரோடு சேர்ந்து வீட்டின் மீது மோதும் என்று பேச அது நல்ல வாய்ப்பு.

சோதனைக்குப் பிறகு எண்களைத் தருகிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு இது: 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கிறது. புயல்நீரின் மட்டமோ, காட்டின் ஒவ்வொரு கிலோமீட்டர் அகலத்துக்கும் 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் குறைகிறது. ஏழாம் வகுப்புக்கும் ஏற்ற கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. புயலில் கடல்மட்டம் 2 மீட்டர் உயர்கிறது. கரைக்கும் ஊருக்கும் இடையே 1 கி.மீ. காடு இருக்கிறது, ஊரில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும்? மிக நல்ல நிலையில் 1.5 மீட்டர். மிக மோசமான நிலையில் 1.95 மீட்டர். பிறகு பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அவரவர் உயரத்தைக் குறிக்கச் சொல்கிறேன். விளக்கம் தேவைப்படுவதில்லை.

‘அலையாத்தி’ என்ற பெயருக்கு ‘அலையை ஆற்றுவது’ என்று பொருள் சொல்வதுண்டு. சொல்லாராய்ச்சியைத் தமிழாசிரியரிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ‘ஆற்றும்’ என்பது ‘தடுக்கும்’ என்பதைவிட உண்மைக்கு நெருக்கமானது.

பரங்கிப்பேட்டைக் கணக்கு

நம் மாவட்டத்தை வைத்தே உலக அளவில் ஒரு வாதம் நடந்திருக்கிறது என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் அப்பகுதியின் 18 குப்பங்களை ஆராய்ந்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைவு என்று எழுதினார்கள். அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழிலும், கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று ஏறக்குறைய இதே முடிவைச் சொன்னது. நம் பேச்சுப்போட்டி வாக்கியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அந்த 18 ஊர்களின் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன, சற்று மேட்டிலும் இருந்தன. தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுத்துவிட்டால், காட்டின் பங்கு என்று தனியாகச் சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். அத்துடன் முடியவில்லை. அதே 2006இல் இன்னொரு மறுபகுப்பாய்வு, காட்டுக்கும் பங்கு உண்டு என்றே சொன்னது.

ஒன்பதாம் வகுப்பில் இதை அப்படியே சொல்கிறேன். புரிய வைக்க எடுத்துக்கொள்ளும் உவமை டியூஷன். டியூஷன் போகிற பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் டியூஷனா? டியூஷனுக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டில் படிக்கத் தனி இடமும், கேட்டால் சொல்லித்தர ஒரு படித்தவரும் இருப்பார்களே, அதுவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க என்ன தகவல் வேண்டும்? இந்த இடத்தில் வகுப்பு சூடுபிடித்துவிடும். டியூஷன் போகாமல் முதலிடம் வாங்குகிறவள் சும்மா இருக்கமாட்டாள். அந்த வாதத்தை அப்படியே குப்பங்களுக்குத் திருப்பினால் போதும். “ஒரே தூரத்துல, ஒரே உயரத்துல ரெண்டு ஊரு வேணும் சார். ஒண்ணுல காடு இருக்கணும், ஒண்ணுல இருக்கக் கூடாது” என்று ஒரு மாணவன் சொன்னான். ஆய்வு முறையியலில் இதற்குமேல் பள்ளி அளவில் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அறிவியலாளர்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, குழம்பிவிடமாட்டார்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். குழம்புவதில்லை. நம்முடைய ஊர்ப் பெயர்கள் அதில் இருப்பதால் உன்னிப்பாகவே கேட்கிறார்கள்.

சுனாமியில் விடை இழுபறியாக இருந்தாலும் புயலில் சான்று வலுவாக இருக்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். கேந்திரபாடா மாவட்டத்தின் சில நூறு கிராமங்களின் விவரங்களை சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகியோர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கடலுக்கும் ஊருக்கும் இடையே அகலமான அலையாத்தி இருந்த கிராமங்களில் இறப்பு குறைவு. மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இது நின்றது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: காடு காப்பாற்றிய உயிர்களைவிட, அரசு முன்கூட்டியே தந்த எச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் அதிகம். 2013இல் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்னதாகவே வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. அந்த மாணவியின் கேள்விக்கு நான் தரும் விடை இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துத்தான்: காடு இருக்கட்டும், எச்சரிக்கை வந்தால் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும்.

நடுவது எளிது

பள்ளிகளில் ஜூன் 5 அன்றும் ஜூலை 26 அன்றும் கடற்கரையில் அலையாத்திக் கன்று நடும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஜூலை 26 பன்னாட்டு அலையாத்தி நாள். நோக்கம் நல்லதுதான். ஆனால் திறந்த மணற்கரையில் கண்டல் நிற்காது. உப்புநீரும் நன்னீரும் கலக்கிற, அலை அடங்கிய கழிமுகச் சேறு அதற்கு வேண்டும். ஓதநீர் வந்து போக வேண்டும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், அது வளரக்கூடிய பட்டை மிகக் குறுகியது. 1,076 கி.மீ. கடற்கரை என்று பாடத்தில் சொல்கிறோம். 2021 வன நிலை அறிக்கைப்படி தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பு 45 சதுர கி.மீ. மட்டுமே. பெரும்பகுதி முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அடங்கிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் பெரும் செலவில் நட்ட கன்றுகளில் நெடுங்காலம் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடம் தவறினால் எண்ணிக்கை உதவாது.

இதற்கு நேர்மாறான பாடம் பிச்சாவரத்தில் இருக்கிறது. சுற்றுலா போகும் பள்ளிகள் படகோடு திரும்பிவிடாமல் இதையும் கேட்டு வர வேண்டும். முன்பு அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டிப் பயன்படுத்தும் முறை இருந்தது. நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த உப்பில் கன்று எப்படி முளைக்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து முதலில் செய்தது வாய்க்கால் வெட்டியதுதான். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன் முள் போலக் கிளைகள். ஓதநீர் தடையின்றி வந்து போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது. அதற்குப் பிறகே நட்டார்கள். மீன் முள் வடிவத்தைப் பலகையில் வரைந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அப்படியானால் மணற்கரை ஊர்களுக்கு என்ன இருக்கிறது? மணல்மேடு இருக்கிறது. மணல்மேட்டை நாம் பாடத்தில் பாலைவனத்தோடு விட்டுவிடுகிறோம். நம் கரையில் அதுதான் முதல் காவல். புயல் அலை மேட்டிலிருந்து மணலை இழுத்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் போடும். அடுத்த அலைகள் அந்தத் திட்டிலேயே உடையும். கடல் அமைதியானதும் மணல் கரைக்குத் திரும்பும். காற்று அதை மேட்டில் ஏற்றும். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிறுத்தும். வங்கியில் போட்டு எடுப்பது போன்ற கணக்கு. மேட்டைச் சமன்படுத்திக் கட்டடம் எழுப்பினால் கணக்கையே மூடிவிடுகிறோம். அடும்பு நம் நெய்தல் பாடல்களில் அடிக்கடி வரும் கொடி; எங்கள் தமிழாசிரியர் நெய்தல் திணையை நடத்தும் வாரத்தில் நானும் இந்தப் பகுதியை வைத்துக்கொள்கிறேன்.

சவுக்கைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அது பலருக்குப் பிழைப்பு. காற்றுத் தடுப்பாகவும் உதவுகிறது. அது நம் மண்ணின் மரம் இல்லை என்பதற்காகவே வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேட்டை வெட்டி, நீர் விளிம்பு வரை சவுக்கை நடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் சருகு மூடிய தரையில் கொடிகள் வளர்வதில்லை, பங்குனி ஆமைக்கு முட்டையிடத் திறந்த மணலும் கிடைப்பதில்லை. மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கல்லும் காடும்

ஊர்க் கூட்டங்களில் கோரிக்கை எப்போதும் ‘தூண்டில் வளைவு வேண்டும்’ என்பதுதான். கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. வீட்டு வாசலுக்குக் கடல் வந்துவிட்டவரிடம் கொடி நடச் சொல்ல முடியாது. ஆனால் மணல் நகரும் கதையைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்புகிறது. குறுக்கே கல் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின் நகரின் மணற்கரை காணாமல் போயிற்று. கற்சுவர் போட்டதும் அரிப்பு வடக்கே தமிழகக் குப்பங்களுக்கு நகர்ந்தது. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததும் கரையின் ஒரு பகுதியில் மணல் மறுபடி சேர்ந்தது. பவளப்பாறை இயற்கையாகச் செய்கிற வேலை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிப்போனதற்கு, சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் முக்கியக் காரணம்.

பருவநிலை மாற்றத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் எல்லாவற்றுக்கும் அதுவே விடையாகிவிடும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். அலையாத்தி சேற்றைப் பிடித்துத் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். சுவரால் முடியாத காரியம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மி.மீ.க்கு மேல் கடல் உயர்ந்தால் பெரும்பாலான அலையாத்திகளால் ஈடுகொடுக்க முடியாது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதுவும் ஆறு வண்டல் கொண்டுவந்தால்தான். அணைகளில் வண்டல் தங்கிவிடுகிறது, கழிமுகத்துக்கு வரும் நன்னீரும் குறைந்துவிட்டது. பின்னால் நகர்ந்து வளரலாம் என்றால் அங்கே இறால் பண்ணையோ சாலையோ இருக்கிறது. காடே காயப்படும் என்பதையும் 2018 நவம்பர் 16 அன்று கஜா காட்டியது. முத்துப்பேட்டையில் ஏராளமான அலையாத்தி மரங்கள் முறிந்து பட்டுப்போயின.

இவ்வளவையும் பேசிய பிறகு எட்டாம் வகுப்பு ஒரு வேலை செய்கிறது. கடற்கரையில் அசையாத ஓர் அடையாளத்திலிருந்து (எங்களுக்கு அது கோயில் மதில்) மணல்மேட்டின் உச்சிக்கும், அங்கிருந்து அடும்பங்கொடி முடிகிற இடத்துக்கும், பிறகு ஈரமணல் தொடங்கும் கோட்டுக்கும் முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றால் அளக்கிறார்கள். பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அளக்கப் போகும்போது உள்ளூர்ப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்கிறோம், “முந்தி மேடு எது வரைக்கும் இருந்துச்சு தாத்தா?” என்பது கட்டாயக் கேள்வி. பெரியவர்கள் காட்டும் இடம் பெரும்பாலும் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அளவுகள் ஒரே குறிப்பேட்டில், தேதியுடன், அளந்தவர் பெயருடன் ஏறுகின்றன. தேர்ச்சி பெற்று மேலே போகும் வகுப்பு அதை அடுத்த வகுப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தை மாதம் அடுத்த அளவு எடுக்க வேண்டும். கயிற்றின் முடிச்சுகள் தளர்ந்திருக்கின்றன, அதற்குள் புதிதாகப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.